சொந்த விமானமா, கூட்டாளியின் விமானமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் பதில் சொல்பவர், ஒரு விமான நிறுவனத்தின் வருவாய்க் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: பன்னாட்டுத் தடங்களுக்குப் பெரிய விமானங்களை வாங்கிக் கடனில் மாட்டிக்கொள்வதைவிட, விமான நிறுவனக் கூட்டணி ஒன்றில் சேர்ந்து, கூட்டாளியின் விமானத்தில் நம் விமான எண்ணைப் போட்டு டிக்கெட் விற்றால் போதாதா? நானும் என் மைத்துனரும் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பேச்சு சண்டையில் முடிந்தது. தீர்ப்புச் சொல்லுங்கள்.
– ஜன்னலோரப் பயணி

பதில்: உங்கள் இருவரில் விமானம் வாங்கத்தான் வேண்டும் என்றவர் மைத்துனர் என்று தெரிகிறது. முக்கால்வாசி அவர் பக்கம்தான் நிற்கிறேன். காரணத்தைக் கணக்கிலிருந்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

ஒரே டிக்கெட்டில் ஒரு பயணி இரண்டு நிறுவனங்களின் விமானங்களில் போனால், வசூலான தொகையை இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். இதை எங்கள் பிரிவில் 'புரோரேட்' என்போம். பொது விதி தூரத்தை வைத்துப் பிரிப்பது. வெறும் கிலோமீட்டர் கணக்கில் பிரித்தால் குறுந்தூரம் பறப்பவருக்கு ஒன்றும் தேறாது என்பதால், சின்னத் தடத்துக்கு எடையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார்கள். அப்படிக் கூட்டிக் கொடுத்த பிறகும், ஒரு மணி நேரம் பறந்தவரின் பங்குக்கும் பத்து மணி நேரம் பறந்தவரின் பங்குக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருக்கும். இரண்டு நிறுவனங்கள் தனி ஒப்பந்தம் போட்டு விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் அந்த ஒப்பந்தம் பேசும் மேஜையில், நீண்ட தடத்தில் விமானம் வைத்திருப்பவர்தான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்.

காகித டிக்கெட் காலத்தில் இதைக் கையால் செய்தோம். விமானத்தில் ஏறும்போது கிழித்த கூப்பன்கள் கட்டுக்கட்டாக மேஜைக்கு வரும். எந்த நிறுவனம் டிக்கெட் எழுதியதோ, அதற்கு நாங்கள் பில் அனுப்புவோம். அவர்களும் எங்களுக்கு அனுப்புவார்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 1947இல் தொடங்கிய கிளியரிங் ஹவுஸ் மூலம், போக வேண்டியதையும் வர வேண்டியதையும் கழித்து மிச்சத்தை மட்டும் தீர்ப்பது வழக்கம். 2008 ஜூன் 1 முதல் எல்லாம் மின் டிக்கெட் ஆகிவிட்டது. கூப்பன் போனாலும் கணக்கின் தர்க்கம் போகவில்லை.

இனி நீங்கள் சொல்லும் 'நம் எண்ணைப் போட்டு விற்பது', அதாவது கோட்ஷேர். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில், விமானத்தை இயக்குபவர் தன் காலி இருக்கைகளை நமக்கும் திறந்து விடுகிறார். நாம் விற்றால் பணம் அவருக்கு, நமக்கு ஒரு கமிஷன். நஷ்டம் வர வழியில்லை, பெரிய லாபத்துக்கும் வழியில்லை. இன்னொன்றில், குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகளை நாம் மொத்தமாக வாங்கிவிடுகிறோம். விற்காவிட்டால் கையைக் கடிக்கும். முதல் ரகத்தையே முழுக்க நம்பியிருக்கும் நிறுவனம், கோட்டு சூட்டு போட்ட டிராவல் ஏஜென்ட்தான். இப்படிச் சொன்னதற்காக என் பழைய சகாக்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சரி, அப்படியானால் எல்லாத் தடத்திலும் விமானம் விட வேண்டியதுதானே என்று மைத்துனர் குதிக்கக் கூடாது. 14 மணி நேரத் தடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போய் வரவே 28 மணி நேரம். நடுவில் தரையில் நிற்கும் நேரம் வேறு. தினமும் ஒரு சேவை என்றால் ஒரே விமானத்தால் ஆகாது, குறைந்தது இரண்டு வேண்டும். பழுதானால் மாற்றுக்கு எங்கிருந்தாவது ஒன்று கொண்டுவர வேண்டும். விமானிகளைக் கூடுதலாக ஏற்றி, நடுவானில் முறை வைத்து ஓய்வெடுக்க விட வேண்டும். தினமும் விடாமல் வாரம் மூன்று நாள் விட்டால், தொழில் நிமித்தமாகப் போகிறவர் நம்மை நாடவே மாட்டார். அவருக்குக் கூட்டம் செவ்வாய்க்கிழமை, நம் விமானம் புதன்கிழமை. முன்வரிசை இருக்கைகளுக்குப் பணம் கொடுப்பவர் அவர்தான் என்பது இன்னொரு சிக்கல்.

ஆகவே கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும்: எந்தத் தடத்தை நாமே வைத்துக்கொள்வது, எதைக் கூட்டாளிக்கு விடுவது? இதற்கு ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனத்தின் கதையைப் போல நல்ல பாடம் வேறில்லை. 2013இல் அது பிரிட்டிஷ் ஏர்வேஸுடன் நெடுங்காலம் வைத்திருந்த கூட்டை விட்டுவிட்டு துபாயின் எமிரேட்ஸுடன் கைகோத்தது. ஃபிராங்ஃபர்ட் சேவையை நிறுத்தியது. ஐரோப்பாவில் லண்டனை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் சிங்கப்பூர் வழியிலிருந்து துபாய் வழிக்கு மாற்றியது. மற்ற ஐரோப்பிய ஊர்களுக்குப் போகும் பயணிகளெல்லாம் எமிரேட்ஸ் விமானத்தில். 'ஐரோப்பாவைத் தாரை வார்த்துவிட்டார்கள்' என்று அப்போது பலர் சொன்னார்கள். ஆனால் 2018 மார்ச்சில் போயிங் 787-9 விமானத்தை வைத்துப் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கினார்கள். துபாய் வழியை விட்டு மறுபடி சிங்கப்பூர் வழிக்கும் வந்தார்கள். பெர்த்–ரோம் 2022இல், பெர்த்–பாரிஸ் 2024இல். எமிரேட்ஸ் கூட்டும் தொடர்கிறது. கையில் தோதான விமானம் இல்லாத வரைக்கும் கூட்டாளி. தோதான விமானம் வந்ததும், மற்றவர் யாரும் தர முடியாத தடத்தில் தாமே. இப்படிச் செய்ய வேண்டுமென்றால், இடைப்பட்ட காலத்தில் நீண்ட தூரம் பறக்கும் திறமையை, அதாவது விமானிகளை, பொறியாளர்களை, தட அனுமதிகளைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும். அதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒருமுறை கலைத்துவிட்ட பெரிய விமானப் பிரிவை மீண்டும் கட்டுவதற்குப் பல வருடங்கள் பிடிக்கும்.

விட்டுக்கொடுத்தது சரியாகிப் போனதற்கும் உதாரணம் உண்டு. ஏர் நியூசிலாந்து 1982 முதல் லாஸ் ஏஞ்சலிஸ்–லண்டன் பறந்தது. இரண்டு முனையும் அதன் சொந்த மண் இல்லை. இரு பக்கமும் உள்ளூர்ப் பெரும் நிறுவனங்கள் கூடாரம் அடித்திருக்கும் தடம் அது. 2020இல் அதை விட்டுவிட்டது. 2022இல் ஆக்லாந்திலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியது. அதற்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு அமெரிக்காவின் யுனைடெட் கைகொடுக்கிறது. சொந்த வீட்டிலிருந்து கிளம்பும் தடம் நம் விமானத்தில், அடுத்தவர் வீட்டுக்குள் ஓடும் தடம் அவர் விமானத்தில். என் தீர்ப்பும் இதுதான். மைத்துனருக்கு முக்கால், உங்களுக்குக் கால்.

கேள்வி: இவ்வளவு நெருக்கமாக இருப்பவர்கள் ஒரே நிறுவனமாக இணைந்துவிட்டால் என்ன? கூட்டணி என்ற வேடம் எதற்கு?
– வணிகவியல் மாணவி

பதில்: நல்ல கேள்வி. விமானம் என்பது கொடியோடு பறக்கும் சரக்கு. 1944 டிசம்பர் 7ஆம் தேதி கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் வான்பரப்பின் மேல் முழு இறையாண்மை உண்டு என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. அனுமதி இல்லாமல் நேர அட்டவணைப்படி பறக்கும் சேவை நடத்த முடியாது என்கிறது ஆறாவது பிரிவு. எனவே இரண்டு நாட்டு அரசுகள் உட்கார்ந்து, உன் நாட்டு நிறுவனம் இத்தனை, என் நாட்டு நிறுவனம் இத்தனை என்று ஒப்பந்தம் போடுகின்றன. அதில் 'உன் நாட்டு நிறுவனம்' என்பதற்கு, அந்நாட்டவர் கையில் கணிசமான உடைமையும் கட்டுப்பாடும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. வெளிநாட்டவர் வாங்கிவிட்டால் பறக்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். அமெரிக்க நிறுவனத்தின் வாக்குரிமைப் பங்கில் 25 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் வைத்திருக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதிக்கு மேல் ஒன்றிய நாட்டவரிடம் இருந்தாக வேண்டும்.

ஏர் பிரான்சும் கேஎல்எம்மும் 2004இல் ஒரே குழுமமாக ஆன பிறகும் ஏன் இரண்டு பெயர், இரண்டு கொடி என்று யோசித்தீர்களா? பாரம்பரியப் பெருமை ஒரு பக்கம். பாரிஸிலிருந்து பறக்கும் உரிமை பிரெஞ்சு நிறுவனத்துக்கும், ஆம்ஸ்டர்டாமிலிருந்து பறக்கும் உரிமை டச்சு நிறுவனத்துக்கும் என்று ஒப்பந்தங்கள் இருப்பது இன்னொரு பக்கம். கல்யாணம் செய்ய முடியாதவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடுதான் கூட்டணி.

இதற்கு வழி காட்டியவர்கள் கேஎல்எம்மும் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட்டும். 1992இல் அமெரிக்காவும் நெதர்லாந்தும், இரு நாட்டு நிறுவனங்களும் எத்தனை சேவை வேண்டுமானாலும் நடத்தலாம் என்ற திறந்த வான் ஒப்பந்தம் போட்டன. அதையொட்டி, இரண்டு நிறுவனங்களும் கூட்டாக விலை வைத்து விற்பதைப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கி அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணி 1997 மே 14இல் ஏர் கனடா, ஜெர்மனியின் லுஃப்தான்சா, ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ், தாய்லாந்தின் தாய் ஏர்வேஸ், யுனைடெட் ஆகிய ஐந்தோடு தொடங்கியது. ஒன்வேர்ல்டு 1999இல், ஸ்கைடீம் 2000இல்.

கேள்வி: எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஆனாலும் உலகமெங்கும் பறக்கிறது. அப்படியானால் கூட்டணியே தேவையில்லை என்றுதானே அர்த்தம்?
– எக்கானமி வகுப்புக்காரன்

பதில்: எமிரேட்ஸுக்குத் தேவையில்லை. எல்லாருக்கும் அப்படி இல்லை. 1985இல் பாகிஸ்தான் இன்டர்நேஷனலிடம் வாடகைக்கு எடுத்த விமானங்களோடு தொடங்கிய நிறுவனம் அது. அதன் பலம் இடம். துபாயிலிருந்து ஐரோப்பா, ஆப்பிரிக்கா, தெற்காசியா, கிழக்காசியா, ஆஸ்திரேலியா எதற்கும் ஒரே தாவலில் போகலாம். உலகின் இரண்டு ஊர்களை ஒரே ஒரு மாற்றத்தில் இணைக்கத் தன் விமானமே போதும் என்னும்போது, நடுவில் வருமானத்தைப் பங்கு போட ஒருவர் எதற்கு? அதற்காகத்தான் ஏர்பஸ் ஏ380 விமானங்களை 123 வாங்கிக் குவித்தது. வேறு யாரும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த எமிரேட்ஸுக்கும் கை எட்டாத இடம் உண்டு என்பது. அமெரிக்காவுக்குள்ளோ கனடாவுக்குள்ளோ ஓர் ஊரில் பயணிகளை ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க வெளிநாட்டு நிறுவனத்தைச் சட்டம் விடாது. எனவே 2022இல் யுனைடெட்டோடும் ஏர் கனடாவோடும் கோட்ஷேர் போட்டது. ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனித்தனியாகப் பேசிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: கூட்டணியில் சேர்வதைவிட, கூட்டாளியின் பங்குகளையே வாங்கிப் போட்டுவிட்டால் அவர் சொன்னபடி கேட்பாரே?
– பங்குச்சந்தை ரசிகர்

பதில்: கேட்பார், பணம் கேட்பார். அபுதாபியின் எதிஹாத் செய்தது இதைத்தான். 2011இல் ஜெர்மனியின் ஏர் பெர்லினில் 29 சதவீதத்துக்கு மேல், 2013இல் ஜெட் ஏர்வேஸில் 24 சதவீதம், 2014இல் இத்தாலியின் அலிடாலியாவில் 49 சதவீதம் என்று வாங்கியது. நோக்கம், எல்லாரும் அபுதாபிக்குப் பயணிகளைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்பது. 2017இல் அலிடாலியா, அரசு நியமித்த சிறப்பு நிர்வாகிகள் கைக்குப் போனது. அதே ஆண்டு ஏர் பெர்லின் திவாலானது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றுபோனது. இதற்கு முன்பே சுவிஸ்ஏர், பெல்ஜியத்தின் சபீனா உட்பட வரிசையாகப் பங்குகளை வாங்கி, 2001 அக்டோபர் 2ஆம் தேதி தன் விமானங்களுக்கு எரிபொருள் போடவும் பணம் இல்லாமல் தரையில் நின்றது. சுவிட்சர்லாந்து நிறுவனத்துக்கே இந்தக் கதி என்று எங்கள் பிரிவில் எல்லோரும் வாயடைத்துப் போனோம். அதன் கூப்பன்களுக்கு வர வேண்டிய பணத்தை நினைத்து வேறு.

கட்டுப்படுத்தும் உரிமை சட்டப்படி கிடைக்காது, நஷ்டத்தில் மட்டும் பங்கு கிடைக்கும். இந்த முறையின் ஓட்டை அங்கேதான். வேண்டுமானால் எதிர் உதாரணமும் தருகிறேன்: பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக்கில் அமெரிக்காவின் டெல்டா வைத்திருக்கும் 49 சதவீதம். அது வேலை செய்கிறது. ஏனென்றால் இரண்டும் ஒரே கடலின் இரு கரையில் இருக்கின்றன, அட்லாண்டிக் வருமானத்தைச் சேர்த்துப் பிரிக்கின்றன. அதே வர்ஜின் அட்லாண்டிக், தன் நீண்ட தடங்களுக்குப் பயணிகளைச் சேர்க்க 'லிட்டில் ரெட்' என்ற பெயரில் சொந்தக் கணக்கில் பிரிட்டன் உள்நாட்டுச் சேவையை 2013இல் தொடங்கி, 2015இல் மூடியது. குட்டித் தடத்தைச் சொந்தக் கணக்கில் ஓட்டப் போய்ப் பணத்தை விட்டதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் அதுதான்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த விமானம் சொந்த விமானக் கணக்கில் வருமா?
– பெயர் வேண்டாம்

பதில்: விமானத்தை மட்டும் குத்தகைக்கு எடுத்து, சொந்த விமானிகளை வைத்து ஓட்டினால் சொந்தம் என்றே வைத்துக்கொள்ளலாம், உலகில் பறக்கும் பயணி விமானங்களில் ஏறக்குறையப் பாதி அப்படித்தான். விமானிகளோடு, பராமரிப்போடு, காப்பீட்டோடு சேர்த்து எடுத்தால் அது வெட் லீஸ். தடத்தின் லாப நஷ்டம் நம்முடையது, திறமை கடன் வாங்கியது. புதுத் தடத்தில் கூட்டம் வருகிறதா என்று பார்க்க நல்ல வழி.

இண்டிகோ படிப்படியாகப் போன பாதையைப் பாருங்கள். முதலில் டர்கிஷ் ஏர்லைன்ஸுடன் கோட்ஷேர். 2023இல் அவர்களிடமிருந்தே போயிங் 777 வாடகைக்கு. 2024இல் ஏர்பஸ் ஏ350 விமானங்கள் 30க்குச் சொந்த ஆர்டர். அவை வருவதற்குள், 2025இல் நார்வேயின் நார்ஸ் அட்லாண்டிக்கிடம் எடுத்த போயிங் 787இல் மும்பையிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் மான்செஸ்டருக்கும். ஒரே ஆளாக எல்லாம் செய்யப் போகிறார்களா என்றால், இல்லை. அதே ஆண்டில் டெல்டா, ஏர் பிரான்ஸ்-கேஎல்எம், வர்ஜின் அட்லாண்டிக் ஆகியவற்றோடு கூட்டும் அறிவித்தார்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்திடம் டிக்கெட் வாங்கினேன், விமானத்தில் ஏறினால் வேறு நிறுவனம். பெட்டி வரவில்லை. இரண்டு பேரும் 'அவரைக் கேளுங்கள்' என்கிறார்கள். யாரைப் பிடிப்பது?
– நொந்தவர்

பதில்: முதலில் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமான பெட்டிக்கு ஏழு நாளுக்குள், தாமதமாகக் கிடைத்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள் புகார் தர வேண்டும். வழக்குப் போட இரண்டு ஆண்டு கெடு. டிக்கெட் எழுதி ஒப்பந்தம் செய்தவரும், உண்மையில் விமானத்தை இயக்கியவரும் இருவருமே பொறுப்பாளிகள் என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. பல நிறுவனங்கள் தொடர்ச்சியாகப் பறந்திருந்தால், பெட்டிக்காக முதல் நிறுவனத்தையோ கடைசி நிறுவனத்தையோ கேட்கலாம். பெட்டி காணாமல் போன தடத்தில் விமானத்தை இயக்கிய நிறுவனத்தையும் கேட்கலாம். எனவே 'அவரைக் கேளுங்கள்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. நடைமுறையில் கடைசியாகப் பறந்த நிறுவனத்தின் கவுன்டரில், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்து எண் வாங்கிக்கொள்வது சுலபம். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர். இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, அன்றைய மதிப்பில் உங்கள் பணத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

டிக்கெட்டை மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ யாரிடம் போவது என்பது வேறு விஷயம். 13 இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 098 என்றால் ஏர் இந்தியா, 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 176 எமிரேட்ஸ், 220 லுஃப்தான்சா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். பணம் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. டிராவல் ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் ஏஜென்ட் வழியாகத்தான் போகச் சொல்வார்கள், அதற்குப் பொறுமை வேண்டும்.

ஐரோப்பா போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். தாமதத்துக்கும் ரத்துக்கும் 600 யூரோ வரை இழப்பீடு தரும் ஐரோப்பிய ஒன்றிய விதி, விமானத்தை இயக்குபவர் யார் என்றுதான் பார்க்கிறது. ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் அது உண்டு. வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானம் என்றால், அதை இயக்குவது ஒன்றிய நிறுவனமாக இருக்க வேண்டும். லுஃப்தான்சா எண்ணில் டிக்கெட் இருந்து, ஒன்றியத்துக்கு வெளியே உள்ள கூட்டாளியின் விமானத்தில் ஐரோப்பாவுக்கு நேராக வந்து இறங்கினால் அந்த விதி கைகொடுக்காது. முன்பதிவின்போதே 'ஆபரேட்டட் பை' என்ற சின்ன எழுத்து வரியைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: இந்தக் கூட்டணிகள் நிலைக்குமா?
– சந்தேகப் பிராணி

பதில்: பெயர்ப்பலகை நிலைக்கும், உள்ளே ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐவரில் ஒருவரான எஸ்ஏஎஸ், 2024 செப்டம்பர் 1இல் ஸ்கைடீமுக்குப் போய்விட்டது. டெல்டா பங்கு வாங்கியதும் தென் அமெரிக்காவின் லாட்டாம் 2020இல் ஒன்வேர்ல்டை விட்டது. சைனா சதர்ன் அதற்கு முன்பே ஸ்கைடீமிலிருந்து விலகிவிட்டது.

உண்மையான பலம் இப்போது கூட்டணிக்குள்ளே இருக்கும் சிறு வட்டங்களில் இருக்கிறது. யுனைடெட், லுஃப்தான்சா, ஏர் கனடா மூன்றும் அட்லாண்டிக்குக்கு மேலே பறக்கும் தடங்களின் வருமானத்தை ஒரே பானையில் போட்டுப் பிரிக்கின்றன. பயணி எவருடைய விமானத்தில் ஏறினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் இன்னொரு ஸ்டார் உறுப்பினருக்கு இதில் காலணா கிடையாது. 2014இல் ஸ்டாரில் சேர்ந்த ஏர் இந்தியா, அடுத்த ஆண்டே டில்லி–சான் பிரான்சிஸ்கோ தடத்தில் தன் போயிங் 777ஐ விட்டது. உறுப்பினர் அட்டையை மட்டும் நம்பி உட்காரவில்லை. அது சரியான புத்தி.

கேள்வி: விமானத்தில் 'ஸ்டார் அலையன்ஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தது, வால் கறுப்பாக இருந்தது. அது யாருடைய விமானம்?
– ஐந்தாம் வகுப்பு வாசகி

பதில்: கூட்டணிக்கென்று சொந்தமாக ஒரு விமானமும் கிடையாது, கண்ணு. உறுப்பினர்கள் தங்கள் விமானங்கள் சிலவற்றுக்கு அந்த வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள். மூக்குப் பக்கம் சின்னதாக உண்மையான சொந்தக்காரர் பெயர் இருக்கும். அது தெரியாவிட்டால் பின்பக்கம் எழுதியிருக்கும் பதிவு எண்ணைப் பார்: 'விடி' என்று தொடங்கினால் இந்தியா, '9வி' சிங்கப்பூர், 'டி' ஜெர்மனி, 'என்' அமெரிக்கா.